வாய்விட்டுச் சொல்லி ஓட்டுவது

இந்த பஸ்காரன் இப்ப பிரேக் போடுவான் பாருங்க. போட்டானா? நல்லவேளை கம்பியில கையை வச்சிருந்தீங்க சார், இல்லேன்னா நெத்தி போயிருக்கும். முன்னாடி லாரியில சிவப்பு விளக்கு எரிஞ்சது ரெண்டாவது சீட்டுல இருக்கிற நமக்கே தெரியுது. ஸ்டியரிங் பிடிச்சிருக்கிறவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா இடைவெளி விடல. இடைவெளி விட்டிருந்தா தெரிஞ்சதுக்கு அப்புறமும் நேரம் இருக்கும். ஒரு கம்பத்தை லாரி தாண்டினதும் மனசுக்குள்ள எண்ணணும். ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு, ஆயிரத்தி மூணு. அதுக்கு முன்னாடியே நம்ம வண்டி அந்தக் கம்பத்துக்கு வந்துடுச்சுன்னா நாம வண்டி ஓட்டல, உரசிக்கிட்டுப் போறோம்.

டிரைவரான்னு கேக்குறீங்க. இல்ல சார். மில்லுல மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். விருப்ப ஓய்வு வாங்கிட்டு வீட்டுல இருக்கேன். ஆனா இந்த வயசுல போய் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். ஓட்டத் தெரியாம இல்ல. வயசுப் பையனா இருந்தப்ப இருந்து ஓட்டுறேன், என் வண்டியில ஒரு கீறல் காட்டுங்க பாப்போம். ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு அதுக்கு மேல கத்துக்கொடுக்குற பயிற்சி ஒண்ணு இருக்கு. அதுக்குப் போனேன். என் வீட்டுக்காரி போகச் சொன்னா.

சொன்னான்னா, அந்த வார்த்தையில சொல்லல. மதுரையில ஒரு கல்யாணம். முடிச்சிட்டு நானும் சௌந்தரமும் திண்டுக்கல்லுக்குத் திரும்பி வர்றோம். ஒரு மினி வேன் பின்னாடி ஒட்டிக்கிட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான். வழி விட்டேன். நன்றி சொல்லணும்னு இல்ல. தாண்டிப் போறப்ப திரும்பி ஒரு பார்வை பாத்தான். அந்தப் பார்வை எதுக்கு எனக்கு? டோல்கேட்ல அவன் வரிசையில நிக்கிறான். நான் இறங்கிப் போனேன். கண்ணாடி பாதி இறக்கியிருந்துச்சு. காலரைப் பிடிச்சு இழுத்தேன். தலை வெளிய வந்துச்சு, காது வரல. கண்ணாடி விளிம்புல மாட்டிக்கிச்சு. அப்புறம் காதும் வந்துச்சு. ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. காதுல எப்பவும் அப்படித்தான், சின்னக் காயத்துக்கே கொட்டும். நாலு பேரு வந்து பிரிச்சு விட்டாங்க. அவன் கேஸ் கீஸ்னு போகல, அழுதுக்கிட்டே வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான்.

திரும்பி வந்து பாத்தா என் பக்கத்து சீட்டு காலி. சௌந்தரம் பட்டுப்புடவையோட, தாம்பூலப் பையைக் கையில பிடிச்சுக்கிட்டு, அடுத்த வரிசையில நின்ன கவர்மெண்ட் பஸ்ஸுல ஏறிக்கிட்டிருக்கா. கூப்பிட்டேன். திரும்பல. திண்டுக்கல் வரைக்கும் அந்த பஸ் பின்னாடியே வந்தேன் சார். அவ கடைசி சீட்டுல, நான் பின்னாடி கார்ல. கொண்டையில வச்ச பூ தெரியுது. ஒரு தடவ திரும்பிப் பாக்கணுமே. ம்ஹூம்.

வீட்டுக்கு வந்து சண்டை போடுவான்னு நெனச்சேன். போடல. புடவையை மடிச்சுக்கிட்டே சொன்னா, "ஒழுங்கா ஓட்டக் கத்துக்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் உங்க வண்டியில ஏறுறேன்."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் சோறு போடுவா, மருந்து எடுத்துக் குடுப்பா, சேர்ந்து டிவி பாப்போம். ஆனா கார்ல ஏற மாட்டா. காய்கறிக்கு ஷேர் ஆட்டோ. கண் ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ். நான் வண்டியைத் துடைச்சு வாசல்ல நிறுத்தி, கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிப்பேன். அந்தக் கதவைச் சுத்திக்கிட்டு நடந்து போவா. எதிர்வீட்டுல ஒரு தாசில்தார், ரிட்டயர்டு. "என்ன தெய்வேந்திரன், அம்மா ஆட்டோவுல போறாங்க, வண்டி ரிப்பேரா?"ன்னு கேட்டாரு. ஆமா சார், ரிப்பேருன்னு சொன்னேன். துடைச்சு வச்ச வண்டி முன்னாடி நின்னுக்கிட்டு அப்படிச் சொன்னேன். அவரு வண்டியையும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு.

நான் யோசிக்கிற ஆளு சார். எதையும் அடுத்தவன் மேல தூக்கிப் போட்டுட்டுத் தூங்கிடுற ஆளு இல்ல. நம்ம பக்கம் என்ன தப்புன்னு என்னையே போட்டுக் குடைவேன். டோல்கேட்டுக்கு முன்னாடி நடந்ததை மனசுக்குள்ள திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தேன். கடைசியில பிடிபட்டுச்சு. நான் வலது பக்கத் தடத்துல மெதுவாப் போயிருக்கேன். அது தாண்டிப் போறவங்களுக்கான தடம். அதனாலதான் அவன் ஹாரன் அடிச்சிருக்கான். ஆக, குறை என் ஓட்டுதல்லதான். சௌந்தரம் சொன்னது சரி. ஒத்துக்கிட்டேன். எத்தனை ஆம்பளை ஒத்துக்குவான் சொல்லுங்க.

அப்பதான் இந்தப் பயிற்சியைப் பத்திக் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஊருக்கு வெளிய, பழைய நூற்பாலை மைதானத்துல தடம் போட்டு வச்சிருந்தாங்க. கத்துக்கொடுக்கிறது ஒரு பொம்பளை. பிரிசில்லா மேடம். என் தங்கச்சி வயசு கூட இருக்காது. முதல்ல எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. முதல் நாளே சீட்டைப் பாத்துட்டுக் கேட்டாங்க, "என்ன சார், சாய்வு நாற்காலி மாதிரி போட்டு வச்சிருக்கீங்க?" அன்னிக்கே தெரிஞ்சுடுச்சு, ஆளு சரக்குள்ளவங்கன்னு. சீட்டு, கண்ணாடி, கை வைக்கிற இடம் எல்லாத்தையும் மாத்தினாங்க. இத்தனை வருஷமா தப்பா உக்காந்திருக்கேன் சார்.

என்னென்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேளுங்க. சிமெண்டுத் தளத்துல சோப்புத் தண்ணியை ஊத்தி வச்சு, அதுல பிரேக் போடச் சொல்லுவாங்க. வண்டி வழுக்கிக்கிட்டுப் போகும். அப்ப பயந்துபோய் எதைப் பாக்குறோமோ அதுலதான் போய் இடிப்போம். கம்பத்தைப் பாத்தா கம்பத்துல. பள்ளத்தைப் பாத்தா பள்ளத்துல. "எங்க போகணுமோ அங்க பாருங்க சார், கண்ணு போற இடத்துக்குத்தான் வண்டி போகும்"னு சொல்லுவாங்க. எவ்வளவு பெரிய விஷயம். அதை யாராவது நமக்குச் சொன்னாங்களா?

ஆனா முக்கியமான பாடம் அது இல்ல. வாய்விட்டுச் சொல்லி ஓட்டுறது. ரோட்டுல போறப்ப என்னென்ன கண்ணுல படுதோ, அடுத்து என்ன நடக்கலாமோ, நாம என்ன செய்யப்போறோமோ, எல்லாத்தையும் சத்தமாச் சொல்லிக்கிட்டே ஓட்டணும். அவங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே வருவாங்க. அவங்க கால்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கும். வாய் சொல்றப்ப கண்ணு தூங்காது, அதான் கணக்கு.

முதல் தடவ ரோட்டுல எடுத்துட்டுப் போனப்ப நான் சொன்னதைக் கேட்டு மேடம் காதைப் பொத்திக்காத குறை. எனக்கு அதுவரைக்கும் தெரியாது சார், ரோட்டுல நான் என்னென்ன பேசுறேன்னு. இந்தா வர்றான் பாரு தேவடியா மகன், இவனை எவன் பெத்தான், அந்தக் கிழவன் சாகப்போறான் சாகட்டும். இப்படியே. அப்ப ஒரு பைக்காரன் குறுக்க பூந்தான். நான் சொல்லிக்கிட்டே போறேன், சடக்குனு வண்டி நின்னுடுச்சு. மேடம் அவங்க பிரேக்கை மிதிச்சுட்டாங்க.

"எதுக்கு மேடம் மிதிச்சீங்க? இடைவெளி இருந்துச்சே"ன்னு கேட்டேன்.

"இருந்துச்சு சார். நீங்க அதை மூடிக்கிட்டே போனீங்க."

வண்டியை ஓரமா நிறுத்தச் சொன்னாங்க. அப்புறம் ஒரு வழி சொன்னாங்க. "இனிமே ஆளைச் சொல்லாதீங்க சார். வண்டியை மட்டும் சொல்லுங்க. நிறத்தைச் சொல்லுங்க, அது என்ன செய்யுதுன்னு சொல்லுங்க. சிவப்பு பைக் இடது பக்கம் வருது. மஞ்சள் லாரி மெதுவாகுது. அவ்வளவுதான். உள்ள யாரு இருக்கா, எப்படிப்பட்டவன், உங்களை என்ன நெனைக்கிறான், எதுவும் வேண்டாம். வண்டி மேல யாருக்கும் கோபம் வராது."

சத்தியமாச் சொல்றேன் சார், மந்திரம் போட்ட மாதிரி இருந்துச்சு. சிவப்பு பைக் குறுக்க வருது. வேகம் குறைக்கிறேன். சிவப்பு பைக் போயிடுச்சு. அவ்வளவுதான். நெஞ்சுல ஒரு படபடப்பு இல்ல. ரோடு முழுக்க வெறும் தகரம் ஓடுற மாதிரி ஆயிடுச்சு. மனுஷனே இல்லாத ரோடு. எவ்வளவு நிம்மதி தெரியுமா? சனிக்கிழமை சனிக்கிழமை போனேன். கடைசி நாள் மேடமே சொன்னாங்க, "உங்க முகமே மாறிடுச்சு சார்." தடத்துல எல்லாத்துலயும் நான்தான் முதல். அவசர பிரேக்குல எனக்குப் பின்னாடி பயிற்சிக்கு வந்த சின்னப் பசங்க கூட நிக்க முடியல. சான்றிதழ் கொடுத்தாங்க. வீட்டுக்குக் கொண்டுவந்து சௌந்தரம் கையில கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுசாப் படிச்சா. "நெசமாவே போனீங்களா?"ன்னு கேட்டா. அவ கண்ணு கலங்கிடுச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

இந்த பஸ்காரன் இன்னும் அந்த லாரியை விட மாட்டேங்கிறான் பாருங்க. வடமதுரை தாண்டிடுச்சு இல்ல? இன்னும் கொஞ்ச தூரத்துல ஒரு இடம் வரும், காட்டுறேன்.

மணப்பாறையில சௌந்தரத்தோட தம்பி வீடு. புதுசா கட்டி கிரகப்பிரவேசம் வச்சிருந்தான். "கார்லயே போயிடலாங்க"ன்னு அவளே சொன்னா. அவளே சொன்னா சார். நான் கேக்கல. ஏறுறப்ப பின் சீட்டுல உக்காந்தா. சரி, உக்காரட்டும்னு விட்டேன். டவுனைத் தாண்டுற வரைக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஓட்டினேன். பச்சை பஸ் நிக்குது. கறுப்பு கார் கதவு திறக்குது. அவ ஆச்சரியமாக் கேட்டுக்கிட்டே வந்தா. "என்னங்க இது, கோயில்ல மந்திரம் சொல்ற மாதிரி"ன்னா. சிரிச்சா. எத்தனை நாளாச்சு அவ என் வண்டியில சிரிச்சு. தாமரைப்பாடிகிட்ட டீ குடிக்க நிறுத்தினேன். திரும்பி ஏறுறப்ப முன் சீட்டுல வந்து உக்காந்தா. ஒரு ஆரஞ்சை உரிச்சு, விதை எடுத்து, எனக்கு ஒவ்வொரு சுளையாக் கொடுத்தா. கொடுத்துக்கிட்டே வந்தவ அப்படியே தூங்கிட்டா.

தூங்குறது சாதாரணமில்ல சார். நம்பினாத்தான் தூங்க முடியும். நான் இன்னும் மெதுவா ஓட்டினேன். பள்ளம் மேடு தெரியாம ஓட்டினேன். வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டேன். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் சார் நான் அத்தனை சனிக்கிழமையும் போனேன்.

அய்யலூர் தாண்டினதும் ஒரு சாம்பல் கார் இடது பக்கமாத் தாண்டி என் முன்னாடி வந்து விழுந்துச்சு. சின்ன கார்தான். விழுந்த வேகத்துல பிரேக். பின் விளக்கு எரியவே இல்ல, பல்பு போயிருக்கு. ஆனா நான் இடைவெளி விட்டிருந்தேன். அதனால தப்பிச்சேன். சாம்பல் கார் முன்னாடி வருது. வேகம் குறைக்கிறேன். நெஞ்சுல ஒண்ணும் இல்ல. குலுங்கினதுல சௌந்தரம் முழிச்சுக்கிட்டா.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. நீ தூங்கு"ன்னேன்.

தூங்கல. ரெண்டு கையாலயும் சீட்டைப் பிடிச்சுக்கிட்டா. அது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவ்வளவு கஷ்டப்பட்டுத் தூங்க வச்சிருக்கேன் சார். ஒரு நொடியில எழுப்பி விட்டுடுச்சு அந்தக் கார்.

சாம்பல் கார் வேகமாப் போகும், மெதுவாகும். திடீர்னு வலது ஜன்னல்ல இருந்து ஒரு கை வெளிய வந்து மேலயும் கீழயும் ஆட்டுச்சு. அடங்கு, அடங்குங்கிற மாதிரி. "பாத்தியா"ன்னேன். "அவரு வண்டியை ஓரங்கட்டப் போறேன்னு காட்டுறாருங்க. விட்டுருங்க, தாண்டிப் போயிடலாம்"னா சௌந்தரம். "அந்த வண்டியில ஒரு குழந்தை இருக்குங்க. அந்தம்மா மடியில எடுத்துவச்சு முதுகைத் தடவுறா, பாருங்க."

"ஆளைப் பாக்காதே. வண்டியைப் பாரு"ன்னு சொன்னேன். அதுதானே பாடம்? அவளுக்குத்தான் பயிற்சி இல்ல, எனக்குமா இல்ல?

சாம்பல் காரையே பாத்தேன். கண்ணு போற இடத்துக்குத்தான் வண்டி போகும். கண்ணாடி பாத்தேன், இண்டிகேட்டர் போட்டேன், வலது பக்கமா எடுத்து அதுக்கு இணையா வந்தேன். மறுபடி கண்ணாடி, இடது இண்டிகேட்டர், மெல்ல மெல்ல இடது பக்கம் அணைச்சேன். எல்லாத்தையும் சத்தமாச் சொல்லிக்கிட்டே செஞ்சேன் சார். சாம்பல் கார் ஓரம் போகுது. சாம்பல் கார் ஹாரன் அடிக்குது. சாம்பல் கார் மண்ணுல இறங்குது. சௌந்தரம் என் தொடையைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறா. நான் கத்தல. பதட்டப்படல. பதட்டப்பட்டிருந்தா ரெண்டு வண்டியும் நொறுங்கியிருக்கும். சாம்பல் கார் மைல்கல்லுல போய் முட்டி நின்னுச்சு. என் வண்டி அதுக்கு ரெண்டு கை தூரத்துல, ஒரு கீறல் இல்லாம நின்னுச்சு. மேடம் பாத்திருந்தா கைதட்டியிருப்பாங்க.

இந்தா, இந்த வளைவு தாண்டினதும். அந்த மைல்கல் தெரியுதா, சாஞ்சு கெடக்குதே. அங்கதான். போயிடுச்சு.

நிறுத்தினதும் என்ன செய்யணும்? கை பிரேக். கியர். நாலு பக்கமும் விளக்கு. அப்புறம் பின்னாடி வர்ற வண்டிங்களுக்குத் தெரியுற மாதிரி தூரத்துல எச்சரிக்கை முக்கோணத்தை வைக்கணும். எல்லாம் செஞ்சேன். டிக்கியைத் திறந்து முக்கோணத்தை எடுத்தேன், பக்கத்துல வீல் ஸ்பேனர் இருந்துச்சு, அதையும் எடுத்தேன். நடந்து போய் முக்கோணத்தை வச்சேன். காத்துக்கு விழாம ஒரு கல்லை முட்டுக் கொடுத்தேன். அதுக்கப்புறம்தான் திரும்பி வந்தேன்.

சாம்பல் கார் கதவைத் திறந்துச்சு. சாம்பல் கார் கையைக் கூப்பிக்கிட்டு வந்துச்சு. "சார், புள்ளைக்கு வாந்தி சார், அதான்..."ன்னு சொல்லிச்சு. ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் வண்டியைத்தான் சொல்றேன். முதல் அடி தோள்ல. சாம்பல் கார் குனிஞ்சுச்சு. ரெண்டாவது, கையால மறைச்சதுல முழங்கையில பட்டுச்சு, கட்டை முறியிற சத்தம் கேட்டுச்சு. மூணாவது தாடையில. அது அடிச்சதுல எனக்கே மணிக்கட்டு வரைக்கும் வலிச்சுது. பல்லு ஒண்ணு தார் ரோட்டுல தெறிச்சு விழுந்துச்சு, ஆரஞ்சு விதை மாதிரி. சாம்பல் கார் கீழ விழுந்துச்சு. சாம்பல் கார் எந்திரிக்கப் பாக்குது. எந்திரிக்க விடல. காருக்குள்ள அந்தப் பொம்பளை குழந்தை முகத்தை மார்ல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அலறுறா. நான் எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருக்கேன் சார், வாய் ஓயல. சத்தியமா எனக்குக் கோபமே இல்ல. அதை யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. வக்கீலே நம்பல. டோல்கேட்ல அந்த மினி வேன்காரனை இழுத்தப்ப என் உடம்பு நடுங்குச்சு. அன்னிக்கு நடுங்கல. பயிற்சி எடுத்ததுக்கும் எடுக்காததுக்கும் இதுதான் வித்தியாசம்.

ஒரு தப்பு நடந்துபோச்சு. அதை நான் மறைக்கல. நினைச்சு நினைச்சு என்னையே திட்டிக்கிறேன். கையைப் பின்னாடி ஓங்குறப்ப பின்னாடி பாக்கல. யாரு வர்றான்னு பாக்காம எந்தப் பக்கமும் அசையக் கூடாது, அது அடிப்படைப் பாடம், முதல் நாள் பாடம். சௌந்தரம் ஓடிவந்து என் கையைப் பிடிக்கப் பாத்திருக்கா. ஸ்பேனரோட பின்முனை அவ புருவத்துல இறங்கிடுச்சு. வளையல் உடையுற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். கண்ணு மேல ரத்தம் வழியுது. வழியுற ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்ல. என்னைப் பாத்துக்கிட்டு நிக்கிறா.

"பின்னாடி வந்தா சொல்லிட்டு வரணும்ல"ன்னேன்.

ஸ்டேஷன்ல இருந்து மேடத்துக்குப் போன் போட்டேன் சார். வக்கீலுக்கு முன்னாடி அவங்களுக்குத்தான் போட்டேன். ஒண்ணு விடாம சொன்னேன். எங்க இடைவெளி விட்டேன், எங்க இண்டிகேட்டர் போட்டேன், எல்லாம். கடைசியா பின்னாடி பாக்காததையும் சொன்னேன். "அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க. "எந்த ஆளு மேடம், சாம்பல் காரா?"ன்னேன். போன் கட்டாயிடுச்சு. திரும்பப் போட்டேன், எடுக்கல. அந்த மைதானத்துல இப்ப பயிற்சியே நடக்கிறதில்லைன்னு சொல்றாங்க. நல்ல பயிற்சி சார், நிறுத்தியிருக்கக் கூடாது.

லைசென்ஸை வாங்கி வச்சுக்கிட்டாங்க. வண்டி ஸ்டேஷன் வளாகத்துல வெயில்ல காயுது. நான் பெயில்ல இருக்கேன். சௌந்தரம் அன்னிக்கிலருந்து தம்பி வீட்டுலதான். தையல் போட்டிருக்காம், தழும்பு நிக்குமாம். அங்க போகக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு. "போனீங்கன்னா பெயில் போயிடும் தெய்வேந்திரன், நான் காப்பாத்த முடியாது"ன்னாரு. இருந்தாலும் போறேன். சண்டை போடப் போகல. ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு என் ஓட்டுதல்ல என்ன குறை? பின்னாடி பாக்காததைத் தவிர. அதை அவ வாயால சொல்லிட்டா, திருத்திக்கிட்டு, லைசென்ஸ் திரும்பக் கிடைச்சதும் மறுபடி கூட்டிட்டு வந்துடுவேன். முன் சீட்டுல உக்காந்தவ சார் அவ. தூங்கினவ.

அவ செஞ்சது மட்டும்தான் எனக்குப் புரியல. அதை யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்ட சொல்றேன்.

என்னை அப்படிப் பாத்துக்கிட்டு நின்னாளா, அப்புறம் என்னைச் சுத்திக்கிட்டு நடந்து போனா. ரோட்டுல சம்மணம் போட்டு உக்காந்தா, புதுப்புடவையோட. கீழ கெடந்த தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா. முந்தானையைச் சுருட்டி வாயில வச்சு அமுக்கினா. "உங்க பேரு என்னங்க? பேரைச் சொல்லுங்க, கண்ணை மூடாதீங்க, பேரைச் சொல்லுங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. வாயெல்லாம் ரத்தம், என்னமோ கொழகொழன்னு வந்துச்சு. "மாசிலாமணியா? மாசிலாமணி, இங்க பாருங்க. என்னைப் பாருங்க"ன்னு சொல்றா. அந்த நேரத்துல பேரு எதுக்கு சார்? பேரைக் கேட்டா ரத்தம் நிக்குமா?

ஹைவே போலீஸ் வந்துச்சு. கையில ஸ்பேனரோட நிக்கிறேன், என்னைப் பிடிச்சு ஜீப்புல சாய்ச்சுட்டாங்க. எஸ்.ஐ. ஒருத்தர் குனிஞ்சு சௌந்தரத்தைக் கேட்டாரு. "உங்களுக்கும் அடியாம்மா? நீங்க யாரு?"

"இவங்க கூட வந்தேன்"னா, மடியில இருந்த தலையைக் காட்டி.

என் காதுலதான் தப்பா விழுந்துச்சோன்னு பாத்தேன். "சார், அவ என் சம்சாரம். என் வண்டியில வந்தவ"ன்னு சொன்னேன். எஸ்.ஐ. அவளைத் திரும்பிப் பாத்தாரு. "இந்தாளு உங்க புருஷனாம்மா?"ன்னு கேட்டாரு.

தலை ஆட்டினா. இல்லேன்னு ஆட்டினா சார். என்னைப் பாத்துக்கிட்டே ஆட்டினா. ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல அவ வாயில. காய்கறிக்காரன் மீதி கூடக் கொடுத்தா ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்கிறவ. போலீஸ்கிட்ட, நட்டநடு ரோட்டுல, பட்டப்பகல்ல பொய் சொல்றா.

காருக்குள்ள இருந்த அந்தப் பொம்பளைக்குத் தெரியுமே, இவ அவங்க வண்டியில வரலைன்னு. அவ சொல்லுவான்னு பாத்தேன். அவ வாயைத் திறக்கல. குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கி வந்தா. சௌந்தரத்தோட நெத்தியைப் பாத்தா. ஆம்புலன்ஸ் வந்துச்சு. அந்தாளை ஏத்தினாங்க, பின்னாடியே அந்தப் பொம்பளை ஏறினா. ஏறி உக்காந்தவ நகர்ந்து இடம் விட்டா. இடம் விட்டுட்டு, குழந்தையை நீட்டினா. சௌந்தரம் குழந்தையை வாங்கிக்கிட்டு ஏறிட்டா.

எப்படி எடுத்தான்னு நெனைக்கிறீங்க அந்த ஆம்புலன்ஸ் டிரைவர்? கண்ணாடி பாக்கல. இண்டிகேட்டர் இல்ல. நடுத்திட்டு இடைவெளியில, எதிர்ல லாரி வருது, அப்படியே திருப்பி எடுத்து, ராங் சைடுல சைரன் போட்டுக்கிட்டுப் போறான். போன வேகத்துல பின்கதவு லேசா ஆடுது. அதுல உக்காந்து போறா சார். அந்த வண்டியில ஏற அவளுக்குப் பயமே இல்ல.